மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு மட்டும் போதுமா?

கேள்வி: சென்னை திருவான்மியூரில், கடற்கரையை ஒட்டி 1996இல் கட்டிய வீட்டின் மேல்மாடியில் வசிக்கிறோம். கோடையில் நள்ளிரவிலும் அறையின் சூடு தணிவதில்லை. மழைக்காலத்தில் உட்கூரையில் ஓதம் ஏறுகிறது. இரண்டு இடங்களில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மொட்டை மாடியில் வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: வெள்ளைப் பூச்சு அவசியம்தான், ஆனால் அது கடைசி வேலை. முதலில் கம்பியைக் கவனிக்க வேண்டும்.

கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நாளடைவில் உட்புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்க, கடற்காற்றின் உப்பு ஓதத்தோடு சேர்ந்து கம்பியை அரிக்கிறது. வெப்பம் கூடினால் இவ்விரண்டும் விரைவுபடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. உங்கள் வீடு எழுந்த காலத்து விதிப்படி தளக் கம்பிக்குக் கீழே பொதுவாக 15 மி.மீ. கான்கிரீட் இருந்தாலே போதும் என்றிருந்தது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்போ, கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கேட்கிறது. அன்று போதுமென்று விட்ட அந்த மெல்லிய காப்புதான் இன்று கூடுதல் வெப்பத்தையும் மழையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

உட்கூரை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கும் இடங்களில், காரை இன்னும் விழவில்லை என்றாலும், உள்ளே பிளவு விட்டிருக்கும். அங்கெல்லாம் கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு தந்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். வெறும் சிமெண்டுக் காரையை அப்பிவிட்டுப் போகும் கொத்தனார் அடுத்த மழைக்கு மீண்டும் வரவேண்டியிருக்கும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கட்டுமானப் பொறியாளரை அழைக்காமல் தொடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை விழுந்தாலே ஏறத்தாழ 9,300 லிட்டர் தேங்கும். அதை ஒற்றைக் குழாய் விரைந்து வடிக்காது. தட்டோட்டின் வாட்டத்தைச் சரிபார்த்து, இணைப்புகளையும் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலைகளையும் அடைத்து, இன்னொரு வடிகுழாய் வையுங்கள்.

தை பிறந்து தளம் நன்கு காய்ந்த பிறகு வெள்ளைப் பூச்சுக்கு வாருங்கள். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் விடுகிறது. வெள்ளை அந்த வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையுமாதலால் கோடைக்கு முன் கழுவுங்கள். செலவு குறைய வேண்டுமென்றால் சுண்ணாம்பே நல்ல பலன் தரும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சூட்டைத் தடுக்கத் தளத்தின் மேல் இன்னொரு கான்கிரீட் அடுக்கு போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி அரித்த தளத்தில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். தகரக் கொட்டகை போடுவதென்றால், 2016இன் வர்தா போன்ற புயற்காற்று தகட்டை அடியிலிருந்து தூக்கும் விசைக்கு ஏற்ப, அதன் கால்களைத் தளத்தில் அல்லாமல் தூண்களின் தலைப்பில் பிணைக்கச் சொல்லுங்கள்.