என்ஐஎஸ்ஸை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஒய்பிபைண்ட், ஒய்பிசர்வ், ஒய்பிகேட்... பெயர் என்ஐஎஸ், கமாண்டுகளில் மட்டும் ஏன் 'ஒய்பி'?

ஒரு சர்வரில் இருக்கும் பயனர் பட்டியலை நெட்வொர்க்கிலுள்ள யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்கெல்லாம் பகிர்வதுதான் என்ஐஎஸ். 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதை 'யெல்லோ பேஜஸ்' (ஒய்பி) என்ற பெயரில்தான் கொண்டுவந்தது. பிரிட்டனில் அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிக முத்திரை என்பதால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. கமாண்டுகளை யாரும் தொடவில்லை.

எங்கள் லேபில் 40 கணினிகள். 15 வருஷமாக ஒரு குறையும் இல்லை. எதற்கு மாற்றணும் சார்?

குறையில்லை என்பதை நம்புகிறேன். பயனர் பட்டியலை ஓரிடத்தில் திருத்தி, 'மேக்' கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த எளிமைக்காகவே இத்தனை காலம் நிலைத்தது. ஆனால் இன்றே ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து ஒய்பிகேட் கொண்டு பாஸ்வேர்டு மேப்பைக் கேட்டுப் பாருங்கள் (என்ஐஎஸ் பகிரும் பட்டியலுக்கு மேப் என்று பெயர்). பெயருக்கு அடுத்து, இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே இருப்பதுதான் ஹாஷ், அதாவது பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம். 13 எழுத்தில், டாலர் குறியில்லாமல் இருந்தால் அது பழைய டெஸ் ஹாஷ். பாஸ்வேர்டை எவ்வளவு நீளமாக வைத்தாலும் முதல் 8 எழுத்தை மட்டுமே அது பார்க்கும். ஹாஷை ஷேடோ என்ற தனி மேப்பில் பிரித்து வைத்தாலும், சொந்த லேப்டாப்பில் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இருப்பவருக்கு அது தடையில்லை. இதெல்லாம் நெட்வொர்க்கில் மறைகுறியாக்கம் இல்லாமலே போகிறது. கணினியை சர்வரோடு இணைக்கும் ஒய்பிபைண்ட், பிராட்காஸ்ட் முறையில் இருந்தால் இன்னும் மோசம்: 'சர்வர் யார்?' என்று கேட்கும், முதலில் பதில் சொன்னவரை நம்பிவிடும்.

டெபியனை அப்டேட் செய்த பிறகு என்ஐஎஸ் பயனர்களுக்கு லாகின் வெகுநேரம் தொங்குகிறது. ரூட்டுக்கு மட்டும் உடனே வருகிறது.

லாகின்களைக் கவனிக்கும் சர்வீஸான சிஸ்டம்டி லாகின்டியைப் பாருங்கள். 2017இல் வந்த 235ஆம் பதிப்பிலிருந்து அந்த சர்வீஸ் நெட்வொர்க்கைத் தொட முடியாதபடி அடைக்கப்பட்டிருக்கிறது. என்ஐஎஸ்ஸோ பயனர் பெயரைத் தேட நெட்வொர்க்குக்குத்தான் போகும். பெயர்களைத் தேடி நினைவில் வைக்கும் என்எஸ்சிடி சர்வீஸை ஓடவிட்டால் தேடல் அதன் வழியாகப் போய்விடும். இல்லையென்றால் லாகின்டிக்கு ஓவர்ரைடு (அமைப்பை மாற்றும் கூடுதல் கோப்பு) எழுதி, லோக்கல்ஹோஸ்டையும் உங்கள் என்ஐஎஸ் சர்வரின் ஐபியையும் மட்டும் அனுமதியுங்கள். தடையை முழுக்க எடுக்காதீர்கள்.

ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9க்குப் போகலாமா?

என்ஐஎஸ்ஸோடு போக முடியாது. 2022இல் வந்த அந்தப் பதிப்பில் ஒய்பிசர்வும் இல்லை, ஒய்பிபைண்டும் இல்லை. 8ஆம் பதிப்புக்கு 2029 மே வரை பராமரிப்பு உண்டு. அதை அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாறினால் 300 பேரையும் புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லணுமா அண்ணா?

வேண்டாம்பா. என்ஐஎஸ்ஸுக்குப் பதிலாகப் பயனர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் ஃப்ரீஐபிஏவில் மைக்ரேஷன் மோடு இருக்கிறது. பழைய ஹாஷை அப்படியே ஏற்றலாம். பயனர் எஸ்எஸ்எஸ்டி (கணினியை ஃப்ரீஐபிஏவோடு இணைக்கும் சர்வீஸ்) வழியாக முதல்முறை லாகின் செய்யும்போது, புது லாகின் முறையான கெர்பராஸுக்கு வேண்டிய சாவி உருவாகிவிடும். என்ஐஎஸ் கேட்கும் பழைய கணினிகளுக்கும் ஃப்ரீஐபிஏவின் முந்தைய பதிப்புகள் பதில் சொல்லும், ஆகவே அவற்றில் ஒவ்வொன்றாக மாற்றலாம்; புதிய பதிப்புகளில் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது.

யூஐடியை, அதாவது பயனர் எண்ணை, மட்டும் மாற்றாதே. என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் கோப்பகத்தில்) இருக்கும் கோப்புகளுக்கு உன் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ஒழுங்காக இருக்கட்டுமே என்று நான் ஒருமுறை எண்களை மறுவரிசைப்படுத்தினேன். மறுநாள் காலை ஒரு ஆய்வு மாணவியின் மொத்த ஃபோல்டரும் வேறொருவர் பெயரில் நின்றது. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. தொடங்கும் முன் 'ஒய்பிவிச் -எம்' அடித்து எந்தெந்த மேப் இருக்கிறது என்று பார். ஆட்டோமவுண்ட்டையும் (கோப்பகங்களைத் தானாக இணைக்கும் பட்டியல்) நெட்குரூப்பையும் (கணினி, பயனர் குழுக்களின் பட்டியல்)தான் எல்லாரும் மறப்பார்கள்.

ஒரு பழைய கருவியோடு வந்த கணினி, அதில் எதையும் மாற்ற முடியாது. என்ன செய்வது?

தனி விலேனில் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதியில்) வையுங்கள். என்ஐஎஸ் சர்வர் யாருக்குப் பதில் சொல்லலாம் என்று சொல்லும் செக்யூர்நெட்ஸ் கோப்பில் அந்த முகவரிகளை மட்டும் எழுதுங்கள். அதைத் தொடுவது மூன்று நான்கு பேர்தான் என்றால், அதிலேயே லோக்கல் கணக்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டாக இருக்கட்டும்.