17 வயதுப் பையனிடம் ஸ்கூட்டர் கொடுக்கலாமா?

சார், ட்யூஷன் பக்கத்துத் தெருதானே, 17 வயது மகனிடம் 110 சிசி ஸ்கூட்டரைக் கொடுத்தால் என்ன என்கிறீர்கள். வேண்டாம். 16 வயதில் உரிமம் கிடைப்பது கியர் இல்லாத 50 சிசி வரையான வண்டிக்குத்தான். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் சிக்கினால் 25,000 ரூபாய் அபராதம், உங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, அவனுக்கோ 25 வயது வரை உரிமமே கிடையாது. சரி, சட்டத்தை விடுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி யோசித்தாலே வண்டி 11 மீட்டர் போய்விடும், சொன்னால் பையன்களுக்குப் புரியாது (என் மகன், 18 ஆனபின் காலி மைதானத்தில் கோடு போட்டு பிரேக் பிடிக்க வைத்த பிறகுதான் அடங்கினான்). 18 ஆகட்டும், எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்துப் பின்னால் நீங்களே உட்கார்ந்து பழக்குங்கள். அதுவரை சைக்கிள்.