வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் நாமே செய்யும் இசைப்பெட்டி

சிறிய கணினிப் பலகை ஒன்றை வைத்து, நம்மிடம் உள்ள பாடல்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, கைப்பேசியிலிருந்து தேர்ந்தெடுத்துப் பழைய ஆம்ப்ளிஃபையரிலேயே கேட்கும்படியான இசைப்பெட்டியை வீட்டில் செய்துகொள்ளலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (தக்கலை): ஐயா, என் மகன் படிப்புக்காக வாங்கிய ராஸ்பெரி பை 3பி என்ற சிறு கணினிப் பலகை அலமாரியில் சும்மா கிடக்கிறது. 1990களில் நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக் அசெம்பிள் செய்து தந்த ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இன்றும் நன்றாகப் பாடுகின்றன. பலகையின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு வயர் கொடுத்தால் போதாதா?

பதில்: பாட்டு கேட்கும், ஆனால் உங்கள் ஆம்ப்ளிஃபையரின் தரத்துக்கு அது நியாயம் செய்யாது. அந்தத் துளைக்குப் பின்னால் தனியான ஒலிமாற்றிச் சில்லு எதுவும் இல்லை. துடிப்புகளின் அகலத்தை மாற்றி மாற்றி, அதை வடிகட்டி ஒலியலையாக ஆக்கும் எளிய வழியைத்தான் பலகை கையாளுகிறது. அதனால் மெல்லிய இடங்களில், குறிப்பாகத் தம்புரா மட்டும் ஒலிக்கும் பகுதிகளில், அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். எண்களாக இருக்கும் இசையை மின் அலையாக மாற்றும் வேலையை அதற்கென்றே செய்யப்பட்ட சில்லிடம் ஒப்படைப்பதுதான் முறை. அதைத்தான் ‘டாக்’ என்கிறோம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பி.சி.எம். 5102ஏ சில்லு பொருத்திய சிறு பலகைகள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அச்சில்லின் வெளியீடு 2.1 வோல்ட், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 112 டெசிபல். வீட்டில் கேட்பதற்கு இதுவே தாராளம். ராஸ்பெரி பையின் 40 ஊசிகளில் 12ஆம் ஊசியை டாக் பலகையின் பி.சி.கே. முனைக்கும், 35ஆம் ஊசியை எல்.சி.கே. முனைக்கும், 40ஆம் ஊசியை டி.ஐ.என். முனைக்கும் கொடுங்கள். 5 வோல்ட்டுக்கு 2ஆம் ஊசி, தரை இணைப்புக்கு 6ஆம் ஊசி. எஸ்.சி.கே. என்று குறித்த முனையையும் தரையோடு இணைக்க வேண்டும். அப்போதுதான் சில்லு தனக்கு வேண்டிய கடிகாரத் துடிப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தும் ஒலியே வரவில்லை என்றால், பலகையின் பின்புறம் உள்ள நான்கு சிறு சால்டர் இணைப்புகளைப் பாருங்கள். ஒலியை அடக்கிவைக்கும் மூன்றாவது இணைப்பு மட்டும் மேல்நிலையிலும் (H) மற்ற மூன்றும் கீழ்நிலையிலும் (L) இருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பலகை பழுது என்று எண்ணிக் கைவிட்டுவிடுகிறார்கள்.

டாக்கிலிருந்து வருவது ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் நுழைவுக்குப் போக வேண்டிய சமிக்ஞை மட்டுமே. ஸ்பீக்கரை அதில் நேரடியாக இணைக்கக் கூடாது. மென்பொருளுக்கு வோலுமியோ, மூட் ஆடியோ, பைகோர்பிளேயர் என மூன்று நல்ல வழிகள் உள்ளன. எதை எடுத்தாலும் அமைப்புப் பகுதியில் ஒலிப்பலகையாக ‘ஹைஃபைபெரி டாக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சில்லு வேலை செய்யும்.

கேள்வி (மார்த்தாண்டம்): இடியும் மழையும் வந்தால் எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போய்வருகிறது. அப்படிப் போய்வந்ததில் இரண்டு முறை மெமரி கார்டு கெட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டியதாயிற்று. இதற்கு வழி என்ன?

பதில்: தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நன்றாகப் பெய்கிற நம் மாவட்டத்தில், இசைப்பெட்டி செய்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது ஒலியின் தரத்தைப் பற்றியன்று, மின்சாரத்தைப் பற்றித்தான். எந்த டாக் சிறந்தது என்று மாதக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, பழைய கைப்பேசி சார்ஜரைக் கொண்டு பெட்டியை இயக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ராஸ்பெரி பை 3பிக்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். 4ஆம் வகைக்கு 3 ஆம்பியர். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை எச்சரிக்கை காட்டும். மெல்லிய வயரில் அந்த இறக்கம் எளிதாக நேர்ந்துவிடும். யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கையும் அதே பலகையிலிருந்து இயக்கினால் சொல்லவே வேண்டாம்.

மெமரி கார்டு கெடுவதற்குக் காரணம், மின்சாரம் போகும் நொடியில் அதில் ஏதோ எழுதப்பட்டுக்கொண்டிருப்பதுதான். வோலுமியோவும் மூட் ஆடியோவும் பார்வைக்கு அழகானவை, பயன்படுத்த எளியவை. ஆனால் அவற்றை முறையாக நிறுத்திய பிறகே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பைகோர்பிளேயரின் அமைப்பு வேறு. அது டைனி கோர் லினக்ஸ் என்ற மிகச் சிறிய இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. தொடங்கும்போது கார்டிலிருந்து முழுவதையும் தற்காலிக நினைவகத்துக்கு எடுத்துக்கொண்டு, அதன்பின் நாம் அமைப்புகளைச் சேமிக்கச் சொன்னாலொழிய கார்டைத் தொடுவதில்லை. ஆகையால் பாடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. அதன் திரைகள் சற்று வறட்சியாகத் தோன்றும். இருந்தாலும் நம் ஊர் வீடுகளுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பாடல்களை நிர்வகிக்கும் லிரியன் மியூசிக் சர்வரையும் அதே பலகையில் நிறுவினால், அது தன் பட்டியலை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும். அப்போது இந்தப் பாதுகாப்பு முழுமையாக இராது. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற கருவிக்காக எழுதப்பட்டு, லாஜிடெக் நிறுவனம் 2012இல் அக்கருவியை நிறுத்திய பின்னும் ஆர்வலர்கள் உயிரோடு வைத்திருக்கும் மென்பொருள் அது. முடிந்தால் அதை இன்வெர்ட்டரில் ஓடும் வேறொரு கணினியில் வைத்துவிட்டு, ஒலிக்கும் பெட்டியில் பிளேயரை மட்டும் வையுங்கள். இன்வெர்ட்டரைப் பற்றியும் ஒரு சொல்: சதுர அலை தரும் பழைய வகையில் இயங்கும்போது, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர்கள் ‘ம்ம்’ என்று முனகும். அது இசைப்பெட்டியின் குறையன்று.

இடி தொடங்கினால் அடாப்டரைப் பிடுங்குவதோடு நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். ஓர் ஐப்பசி மாலையில் மின்னிணைப்பை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மின்னலின் வீச்சு நெட்வொர்க் கேபிள் வழியாக வந்து பலகையைப் பொசுக்கியது. அன்றுமுதல் வைஃபை இணைப்பே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கேள்வி (குளச்சல்): கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. பெட்டி செய்து ஓராண்டு ஆன நிலையில் ஒரு பக்க ஸ்பீக்கரில் கரகரப்பு வருகிறது. டாக்கை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுவதற்கு முன், டாக் பலகையை ஊசிகளிலிருந்து கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் ஊசிகளையும், ஆம்ப்ளிஃபையருக்கான வயரைச் செருகும் ஆர்.சி.ஏ. முனைகளையும் துடைத்துவிட்டு, நன்றாக உலர்ந்தபின் திரும்பப் பொருத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் தொடுமுனைகள் பூத்துப்போவதுதான் பெரும்பாலும் காரணம். செருகும் வயர்களை நீக்கிவிட்டு ஐந்து இணைப்புகளையும் சால்டர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கடலோர வீடுகளில் பெட்டியை அணைத்துப் போடுவதைவிட, இடி நேரம் தவிர்த்து, ஓடவிடுவதே நல்லது என்பது என் கருத்து. சில வாட் மின்சாரத்தில் எழும் இளஞ்சூடு உள்ளே ஈரம் படியாமல் காக்கும். உறைக்கு அயினிப் பலகையோ பலாப் பலகையோ போதும். ஆசாரியிடம் சொல்லி அடியிலும் பின்புறத்திலும் காற்றுத் துளைகள் போடச் செய்யுங்கள். முழுவதும் மூடிய தகரப்பெட்டி வைஃபையை மறித்துவிடும்.

கேள்வி (திருவட்டாறு): 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுகள்தான் உண்மையான இசை என்கிறார்களே?

பதில்: சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்கும்), 16 பிட் பதிவே ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கொள்ளும். மனிதச் செவியின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். வயதாக ஆக அதுவும் இறங்கும். 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுகளுக்காகச் செலவிட நினைக்கும் பணத்தை நல்ல அடாப்டருக்கும், பாடல்களின் நகலை வைத்துக்கொள்ள இன்னொரு ஹார்டு டிஸ்க்குக்கும் செலவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பழைய எம்பி3 தட்டுகளிலிருந்து ஏற்றிய பாடல்களின் பெயர்கள் கைப்பேசியில் புரியாத குறிகளாகத் தெரிகின்றன.

பதில்: அந்தப் பெயர்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய திஸ்கி, டாப், டாம் போன்ற குறியீட்டு முறைகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கி, கிட்3 அல்லது எம்பி3டேக் மென்பொருளில் திரும்ப எழுதுங்கள். ஒரு பாடகரின் பெயரை எல்லாக் கோப்புகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். ஒரு புள்ளியோ இடைவெளியோ மாறினாலும் சர்வர் அவரை வேறொருவராகக் கணக்கிடும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நாளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யார் துணையுமின்றித் தமிழிலேயே தேடிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால், இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி (சுசீந்திரம்): என் தகப்பனார் கோயில் கொடை விழாக்களுக்குப் போய்த் தாமே பதிவு செய்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகளும், கடையில் வாங்கியவையுமாக நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. இவற்றை இசைப்பெட்டியில் ஏற்ற முடியுமா?

பதில்: வந்த கடிதங்களில் என்னை மிகவும் அசைத்தது இதுதான். கடையில் வாங்கிய கேசட் வேறு யாரிடமாவது இருக்கலாம். உங்கள் தகப்பனார் கொடைப் பந்தலில் உட்கார்ந்து பதிந்தது உலகத்தில் அந்த ஒன்று மட்டுமே. ஆகவே அவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை பிடித்தவற்றை அப்படியே ஓட்டக் கூடாது. வெயிலிலும் காயவைக்கக் கூடாது, சூட்டில் நாடா வளைந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இட்ட மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்து ஈரத்தை எடுத்துவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு வேறு எதற்கும் பயன்படாத ஒரு பழைய டேப் ரிக்கார்டரில் முன்னும் பின்னும் ஒருமுறை முழுவதும் சுற்றுங்கள். நாடாவின் இறுக்கம் சீராகும். உதிர வேண்டியது உதிர்ந்துவிடும். நாடாவை ஹெட்டின் மேல் அழுத்தும் சிறு பஞ்சு விழுந்துபோயிருந்தால், வெற்றுக் கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடுவதே எளிது.

பதிவுக்கு உட்காரும் முன் ஹெட்டைச் சுத்தம் செய்து, அதன் பக்கவாட்டில் உள்ள சிறு திருகைக் கொண்டு சாய்வைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு ரிக்கார்டரின் ஹெட்டும் இம்மியளவு வெவ்வேறு சாய்வில் இருப்பதால், பதிந்த கருவியில் கேட்ட தெளிவு மற்றொன்றில் கேட்காது. வில்லுப்பாட்டில் இதற்கு ஓர் அருமையான துணை இருக்கிறது: வீசுகோல் பட்டதும் வில்லில் கட்டிய மணிகள் எழுப்பும் ஒலி. திருகை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் அந்த மணியொலி மங்கலிலிருந்து பளிச்சென்று துலங்கும் ஓர் இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ரிக்கார்டரின் லைன் வெளியீட்டை யு.எஸ்.பி. ஒலிக்கருவி வழியாகக் கணினிக்குக் கொடுத்து அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியுங்கள். ஒலியளவைப் பாட்டுக்கு வைத்தால் குடத்தின் அடி வரும்போது உச்சி வெட்டுப்பட்டுப் பிளந்த ஒலி வரும். குடம் ஓங்கி ஒலிக்கும் இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அது உச்சத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி வையுங்கள். ஒற்றை மைக்கில் பதிந்ததாக இருந்தால், இரு தடங்களையும் கலக்காமல் இரண்டில் நன்றாக இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வில் சிறிது பிசகு இருந்தாலும் கலக்கும்போது மேல்சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். இரைச்சல் நீக்கும் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டாம். நாடாவின் ‘ஸ்ஸ்’ ஒலியும் மணிகளின் அதிர்வும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால், ஒன்றை அழிக்கப்போய் மற்றதும் தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் ஆகிவிடும்.

கோப்புகளை ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். அதில் இசையின் ஒரு துளியும் இழக்கப்படுவதில்லை. நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும் இடமும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கதை ஒரு பக்கத்தில் பாதியில் நின்று மறுபக்கத்தில் தொடர்வதால், இரண்டு பக்கங்களையும் ஒட்டி ஒரே கோப்பாக வைப்பது நல்லது. கை வைக்காத மூலப்பதிவை வேறொரு ஹார்டு டிஸ்க்கில் தனியே வைத்து, அந்த டிஸ்க்கை வேறொரு வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்வேன்.

கடையில் வாங்கிய கேசட்டுகளை உங்கள் வீட்டில் கேட்பதற்காக மாற்றிக்கொள்வதில் தடையில்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிப்பதால், அவற்றைப் பொதுவில் பரப்ப உரியவர்களின் ஒப்புதல் வேண்டும். உங்கள் தகப்பனார் பதிந்தவற்றிலும் பாடியவர்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் இருந்தால் ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேசட் அட்டைகளில் உங்கள் தகப்பனார் கைப்பட எழுதியிருக்கும் கோயில் பெயர், கொடை நடந்த நாள், புலவர் பெயர், குடம் அடித்தவர், உடுக்கை வாசித்தவர் ஆகிய எல்லாவற்றையும் படம் எடுத்து அந்தந்தக் கோப்போடு சேர்த்துவிடுங்கள். எழுத்து மங்கிப்போன அட்டைகள் இருந்தால், அந்தக் கொடைகளுக்குப் போய்வந்த பெரியவர்கள் யாரேனும் ஊரில் இருக்கும்போதே பதிவைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.