நியூ ஜெர்சி டிரைவிங் லைசென்ஸோடு டெக்சாஸில் கைத்துப்பாக்கி வாங்க

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது, பழைய டிரைவிங் லைசென்ஸோடு போனதில் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார், கைத்துப்பாக்கி வாங்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். டெக்சாஸில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு குடிவந்துவிட்டால், கூட்டாட்சிச் சட்டப்படி அன்றே நீங்கள் டெக்சாஸ்வாசி. இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது.

மூன்று வாரம் ஆகியும் கடைக்காரர் திருப்பி அனுப்பினார் என்றால், பெரும்பாலும் காரணம் லைசென்ஸில் உள்ள பழைய முகவரிதான். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தில் இப்போது வசிக்கும் முகவரியை எழுத வேண்டும். அதற்கு அரசு ஆவணம் ஆதாரமாக இருக்க வேண்டும். கைத்துப்பாக்கியை வசிக்கும் மாநிலத்துக் கடையில்தான் வாங்க முடியும் என்பதால் இதில் அவர்கள் கறாராக இருப்பார்கள்.

காரை டெக்சாஸில் பதிவு செய்துவிட்டீர்களா? அந்தத் தாளில் உங்கள் பெயரும் புது வீட்டு முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் பழைய லைசென்ஸையும் சேர்த்துக் காட்டலாம். வாடகை ஒப்பந்தம் செல்லாது, அது அரசு ஆவணம் இல்லை. தபால் பெட்டி எண்ணும் ஆகாது. கார் பதிவுத் தாளையும் பழைய லைசென்ஸையும் சேர்த்து ஏற்பீர்களா என்று கடைக்கு முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படியானால் டெக்சாஸ் லைசென்ஸை எடுத்துவிடுங்கள். எப்படியும் 90 நாளுக்குள் எடுக்க வேண்டியதுதானே.

விசா பற்றி நீங்கள் எழுதவில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசா என்றால் பொதுவாக வாங்கத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. அவசரத்தில் படிவத்தில் தவறாக எதையும் எழுதிவிடாதீர்கள், தெரிந்தே பொய் எழுதுவது கடுங்குற்றம்.