19 லட்சமும் அம்மாவின் தேன்குழலும்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 14 ஆண்டுகள் வேலை பார்த்து, அண்மையில் ஆட்குறைப்பில் வெளியே வந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 41. ஊர் கானாடுகாத்தான் பக்கம். பிஎஃப் தவிர 19 லட்ச ரூபாய் கையில் இருக்கிறது. சென்னை அடுக்ககத்துக்கு மாதத் தவணை 31,000, வீட்டுச் செலவு 45,000. மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரில் அம்மா பிழியும் தேன்குழலுக்கும் சீப்புச் சீடைக்கும் உறவுக்குள் நல்ல பெயர். 15 லட்சம் போட்டுக் காரைக்குடியில் பலகாரக் கடை வைக்கலாமா, பூர்வீக வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றலாமா, அரசு மானியம் கிடைக்குமா என்று கேட்கிறார். கடைசி வரியில், "வேலை போனதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றும் இருக்கிறது.

தம்பி, வீட்டு யோசனையை முதலில் முடித்துவிடலாம். அந்த வீட்டில் உங்களோடு சேர்த்து ஒன்பது பங்காளிகள் என்கிறீர்கள். முகப்பும் வளவும் (நடு முற்றமும்) பொது, இரட்டை வீடு என்கிற உள்ளறைகள் ஆளுக்கொன்று. இரண்டு பேர் மலேசியாவில். ஒன்பது பேரும் கையெழுத்துப் போடாமல் எந்த வங்கியும் அந்தச் சொத்தின் மேல் கடன் தராது. கையெழுத்து வாங்குவதற்குள் உங்கள் 19 லட்சம் கரைந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

இனிக் கடை. 15 லட்சத்தை அதில் போட்டால் கையில் மிஞ்சுவது 4 லட்சம். சென்னையில் மாதம் 76,000 போகிறது. ஆக, உங்களுக்கு இருப்பது ஐந்து மாதம். கடைக்கு இடம் பிடித்து, மின் இணைப்பு மாற்றி, அலமாரி அடித்துத் திறக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். தெருவில் நாலு பேருக்குக் கடையின் பெயர் தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் வீட்டில் அரிசிக்குப் பணம் இருக்காது. இந்த வட்டாரத்து வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூடிப்போன கடைகளின் கோப்புகளைப் பார்த்தால், சரக்கு மோசமாக இருந்து மூடியவை சொற்பம். வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கைவைத்து மூடியவையே அதிகம். ஓய்வுப் பணம் முழுவதையும் வளைந்த கண்ணாடி அலமாரியிலும் பெயர்ப் பலகையிலும் போட்ட ஒருவர், பதினோராவது மாதம் அந்த அலமாரியை விற்க ஆள் தேடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வாங்கிய விலையில் கால்வாசிக்குக்கூடக் கேட்பாரில்லை.

ஆகவே அந்த 19 லட்சத்தைத் தொழில் முதல் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டிய மாதங்கள். பள்ளி ஆண்டு முடிந்ததும் குடும்பம் ஊருக்கு வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அடுக்ககத்துக்கு 20,000 வாடகை வரும் என்கிறீர்கள். தவணையில் 11,000 மட்டும் கையிலிருந்து. ஊரில் வீட்டுச் செலவு 30,000 என்று வையுங்கள். மாதம் 41,000. ஒன்றரை ஆண்டுக்கு 7,38,000. மருத்துவக் காப்பீடு, பள்ளிக் கட்டணம், குடிபெயரும் செலவு என்று இன்னும் 2 லட்சம் ஒதுக்குங்கள். மிச்சம் ஒன்பதரை லட்சத்தில் முதல் ஆண்டு தொழிலுக்கு 4 லட்சத்துக்கு மேல் தொடக் கூடாது. காப்பீட்டை இந்த வாரமே கவனியுங்கள்: நிறுவனம் எடுத்திருந்த குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற்றித் தரக் கேட்டால், பழைய காத்திருப்புக் காலம் வீணாகாது. பிஎஃப் பணம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி. பலகாரத்தில் அவ்வளவு நிச்சயமாக எதுவும் வராது.

உங்கள் தேன்குழல் கணக்கைப் பார்த்தேன். கிலோவுக்கு அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் 180, விலை 420, லாபம் 240 என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் அம்மாவுக்குக் கூலி எங்கே? எரிவாயு எங்கே? உடைந்த தேன்குழலை யார் தலையில் கட்டினீர்கள்? நான் உத்தேசமாகப் போட்டுப் பார்க்கிறேன். காரைக்குடிக் கடைகளுக்குக் கொடுத்து விற்றால் கடைக்காரர் கழிவு கால்பங்கு, 105. கைக்கு வருவது 315. சரக்கு 180 போக 135. பிழிகிறவருக்கு 50, எரிவாயுவும் உறையும் 35, உடைசலும் சிக்கு வாடை வந்து திரும்புவதும் 20. மிச்சம் 30 ரூபாய். மாதம் 41,000 வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 45 கிலோ பிழிய வேண்டும். அம்மாவுக்கு வயது 68 என்று எழுதியிருக்கிறீர்கள். சீப்புச் சீடை இன்னும் மோசம். பிழிந்த பட்டையை ஒவ்வொன்றாக விரலில் சுற்றி ஓரம் ஒட்ட வேண்டிய வேலை அது. நாலு பேர் உட்கார்ந்தாலும் முறத்தில் குவிவதென்னவோ கொஞ்சம்தான்.

அதே தேன்குழலைக் கல்யாண வீட்டுக்கு நேராகக் கொடுங்கள். கடைக் கழிவு இல்லை. கிலோவுக்கு 135 மிஞ்சும். மாதம் 300 கிலோ சொச்சம் போதும். செட்டிநாட்டில் சீர்ப் பலகாரத்தின் எண்ணிக்கை குறைத்துக்கொள்ளக்கூடிய செலவு அல்ல என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். அவற்றுக்கான பணத்தைத் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் எடுத்து வைக்க வேண்டும். பாதி முன்பணம் வாங்காமல் அடுப்பு மூட்டாதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். சொந்தக்காரராக இருந்தால் கட்டாயம்.

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று. 14 ஆண்டுகள் கணினியின் முன் இருந்தவருக்கு மாவின் பாகமும் தெரியாது, மளிகைக்காரரின் தவணையும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது தொழில் ஆகாது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கடல் தாண்டிப் பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கிகளில் வட்டிக்கடை நடத்திய காலத்தில், முதலாளி வீட்டுப் பையனே ஆனாலும் எடுத்தவுடன் பெட்டியைத் திறக்கவிட மாட்டார்கள். பெட்டியடிப் பையனாக எடுபிடி செய்து, பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகி, அதன் பிறகே பொறுப்பு. நீங்களும் ஆறு மாதம் யாருடைய பலகாரக் கூடத்திலாவது போய் நில்லுங்கள். மதுரையோ திருச்சியோ, உங்களைத் தெரியாத ஊர் என்றால் நல்லது. காரைக்குடியில் நாளைய போட்டியாளனுக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? சம்பளம் கேட்காதீர்கள். எண்ணெயை எத்தனை முறை கழித்து மாற்றுகிறார்கள், திரும்பி வரும் சரக்கை என்ன செய்கிறார்கள், சரக்கு மாஸ்டர் வராத அன்று முதலாளி என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கூடவே பழைய தொழிலில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒப்பந்த வேலை கிடைத்தால் விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததன் விலை இந்த மண்ணுக்குத் தெரியும். கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்ததில், 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு விளைநிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை உள்ளே வந்தபோது அதைப் பையில் போட்டுக்கொண்டு வர முடியவில்லை.

மானியத்தில் பலர் இடறுவது ஒரே இடத்தில்தான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிய தொழிலுக்கு மட்டும். சொந்தப் பணத்தில் கடையைத் திறந்துவிட்டு, பிறகு மனுவோடு போனால் கிடையாது. பொதுப் பிரிவு ஆணுக்கு நகரத்தில் திட்ட மதிப்பில் 15 சதவீதம், ஊரகத்தில் 25; பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. ஆகவே தொழிலை உண்மையிலேயே உங்கள் மனைவி நடத்துவதானால், அவர் பெயரில் கிராம ஊராட்சி எல்லைக்குள் தயாரிப்புக் கூடம் வைப்பது லாபம். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்கே நகரக் கணக்கு. சொந்தப் பங்கு அவருக்கு 5 சதவீதம், உங்களுக்கு 10. மானியம் கையில் காசாக வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகக் கிடந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழியும். சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய், விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். இடைத்தரகர் யாரும் வேண்டாம். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுக்கும் கட்டணம் கிடையாது; அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை மூடிவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் முதல் பொட்டலத்தைக்கூட விற்காதீர்கள், வீட்டு அடுப்பில் செய்தாலும் சரி. ஜிஎஸ்டி, சரக்கு விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெங்களூரில் இருக்கும் நண்பருக்கு ஐந்து கிலோ விற்று அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பழைய அலுவலக நண்பர்களை நம்பித் திட்டம் போட்டிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

கடைசி வரிக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லாமல் அவர் கையில் மாவைக் கொடுக்காதீர்கள். மகன் ஆசைக்காகக் கடை வைக்கிறான் என்று நினைத்துப் பிழிவதும், இதில்தான் வீடு நடக்கிறது என்று தெரிந்து பிழிவதும் வேறு வேறு. தெரிந்தால் அவரே, "எனக்கு முழங்கால் வலி, நாளைக்கு எட்டுக் கிலோதான் முடியும்" என்று சொல்வார். உங்கள் கணக்கில் இல்லாமல்போன எண் அதுதான். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். அப்படியே ஒரு நோட்டு வாங்கி, பற்றுப் பக்கத்தில் முதல் வரியாக அம்மாவின் கூலியை எழுதுங்கள்.