மார்கழியில் நின்றுபோகும் குடும்பச் செபம்

இரவுச் செபத்தை இந்த மாதம் காலைக்கு மாற்றுங்கள். தேநீருக்கு முன் ஐந்து நிமிடம் போதும்.

கேக் ஓடர், கரோல் ஒத்திகை, உறவினர் வருகை என்று எல்லாம் சேர, பிள்ளைகள் செபிக்காமலே தூங்கிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விசுவாசக் குறைவு என்று ஏன் நினைக்க வேண்டும்? திருகோணமலையில் இது அடைமழைக் காலம். மழை விட்ட மாலையில்தான் கடைத்தெருவுக்கே போக முடிகிறது. திரும்பி வந்து பலகாரச் சட்டியை அடுப்பில் வைத்தால் இரவு அதோடு சரி.

மூன்று நாள் செய்து பாருங்கள்.

1. இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைத் துண்டு துண்டாக வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் மட்டும் 80 வசனங்கள். ஒரே மூச்சில் வாசித்தால் சின்னவன் மறுபடி தூங்கிவிடுவான்.

2. அன்று வாசித்த பகுதியில் வருகிறவரின் உருவத்தைப் பிள்ளையே நத்தார்க் குடிலில் வைக்கட்டும். இடையர்கள் வரும் வரை குடிலில் ஆடுகளும் வேண்டாம். (ஞானிகளை லூக்காவில் தேடாதீர்கள், அவர்கள் மத்தேயு 2இல் இருக்கிறார்கள். அவர்கள் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6 வரை அலுமாரியிலேயே இருக்கட்டும்.)

மூன்றாம் நாள் பிள்ளைகளே “இன்று யார்?” என்று கேட்டால் நேரம் பொருந்திவிட்டது.

ஒன்று மட்டும்: நள்ளிரவு வரை கேக் அடிப்பவர் நீங்கள் என்றால், காலைச் செபத்தை நடத்தும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் விடுங்கள். அதையும் உங்கள் தலையில் ஏற்றினால் நத்தாருக்கு முன்பே நின்றுவிடும்.