அழைப்பு வந்த வரிசையில் கடன் கட்டாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நிலையில் இருக்கும் வேறு பலரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு லண்டனில் மனைவி பிள்ளையுடன் இருக்கிறீர்கள். களஞ்சியசாலை வேலையில் மணித்தியாலங்களைக் குறைத்த பிறகு, உங்கள் பெயரில் உள்ள மூன்று கடனட்டைகளிலும், வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்த ஓவர்டிராஃப்டிலுமாகச் சேர்த்து 9,600 பவுண் கடன் நிற்கிறது. வீட்டுக்காக உள்ளூராட்சி மன்றத்துக்குக் கட்டும் கவுன்சில் வரியும் இரண்டு மாதம் பிந்திவிட்டது. கடன் வசூலிக்கும் நிறுவனம் ஒன்று காலை முதல் இரவு வரை அழைக்கிறது, வீட்டுக்கு ஆள் அனுப்புவதாகக் கடிதம் போடுகிறது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கடன் மேலாண்மைத் திட்டம், அதாவது இங்கே எல்லோரும் டி.எம்.பி. என்று சொல்வதை, செய்து தரும் நிறுவனம் ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் உங்களுக்குக் காட்டியிருக்கிறார். அதில் சேரலாமா, சேர்ந்தால் அழைப்புகள் நின்றுவிடுமா, விசா நீட்டிப்புக்கு ஏதும் பாதகம் வருமா என்று கேட்கிறீர்கள்.

டி.எம்.பி. உங்களுக்குப் பொருந்தக்கூடியதுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் ஊடாக வேண்டாம், கவுன்சில் வரியை ஒழுங்குபடுத்துவதற்கு முன்பும் வேண்டாம். வேலை இல்லாத காலத்தில் எங்கள் குடும்பமும் இந்தத் திட்டத்தில் இருந்துதான் கடனை முடித்தது. பிறகு எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு வருபவர்களின் கடிதங்களை வாசித்து விளக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அங்கே திரும்பத் திரும்ப நான் காண்பது ஒன்றே: நாளுக்குப் பலமுறை அழைக்கும் கடனட்டைக்காரருக்கு, அந்த அழைப்பை நிறுத்துவதற்காகவே, வீட்டு வாடகைக்கும் கவுன்சில் வரிக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அழைப்பவருக்கு உங்களிடமிருந்து பறிக்கும் அதிகாரம் மிகக் குறைவு. அந்த அதிகாரம் உள்ள கவுன்சிலோ ஒரு நினைவூட்டல் கடிதத்தோடு அமைதியாக இருக்கும்.

அந்த நினைவூட்டலில் சொல்லப்பட்ட 7 நாட்களுக்குள் பிந்திய தவணையைக் கட்டாவிட்டால், தவணையாகக் கட்டும் உரிமையை நீங்கள் இழந்து, அந்த வருடத்தின் மீதி வரி முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டிய நிலை வரும். அதன் பிறகு கவுன்சில் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், வரியை நீங்கள் கட்ட வேண்டும் என்று உறுதிப்படுத்தும் பொறுப்பு ஆணை ஒன்றைப் பெற்று, உங்கள் சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிக்கலாம், அல்லது கடனுக்காகப் பொருட்களைக் கைப்பற்ற வரும் அதிகாரியான பெய்லிஃப்பை அனுப்பலாம். பெய்லிஃப் கட்டணமும் உங்கள் தலையிலேயே ஏறும். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பெயரில் மட்டும் உள்ள கடனட்டைக்கு உங்கள் மனைவி பொறுப்பல்ல. மேலதிக அட்டை ஒன்றை அவர் பாவித்திருந்தாலும் பொறுப்பல்ல. கவுன்சில் வரிக்கோ, ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவி இருவருமே பொறுப்பு. ஆகவே நாளைக்கே கவுன்சிலுக்கு அழைத்து, வேலை நேரம் குறைந்ததைச் சொல்லி, பிந்திய தொகையை மீதித் தவணைகளோடு சேர்த்துக் கட்ட ஓர் ஏற்பாடு கேளுங்கள். அப்போது அவர்கள் வருமானம் குறைந்தோருக்கான கவுன்சில் வரிக் குறைப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். அது பொது நிதியாக, அதாவது அரசு தரும் நலன்புரி உதவியாகக் கணக்கிடப்படுவது; உங்கள் விசாவில் பொது நிதி பெற முடியாது என்ற நிபந்தனை இருந்தால், அதைப் பெறுவது கடனை விடப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

வாடகை, எரிவாயு, மின்சாரம், வருமான வரி, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியனவும் இதே வகையைச் சேர்ந்த முன்னுரிமைக் கடன்கள். கடனட்டை, ஓவர்டிராஃப்ட், தனிநபர் கடன் என்பன முன்னுரிமை இல்லாதவை. டி.எம்.பி. என்பது இந்த இரண்டாவது வகைக்கானது. முன்னுரிமைச் செலவுகளும் சாப்பாடும் போக்குவரத்தும் போக மாதத்தில் மிஞ்சும் தொகையை நீங்கள் ஒரே இடத்தில் கட்டுவீர்கள். திட்டத்தை நடத்துபவர் அதை ஒவ்வொரு கடன் கொடுத்தவருக்கும் கடனின் அளவுக்கேற்பப் பிரித்து அனுப்புவார். இது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல. பலர் வட்டியை நிறுத்திவைப்பார்கள். ஆனால் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கடப்பாடு அவர்களுக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் இருந்தால் அங்கே சட்டப்படி அமைந்த வேறொரு திட்டம் உண்டு. நீங்கள் இங்கிலாந்தில் இருப்பதால் அது உங்களுக்கு உதவாது.

இனி அந்தக் கட்டண நிறுவனத்தைப் பற்றி. மாதம் உங்களிடம் 120 பவுண் மிஞ்சுகிறது, வட்டியும் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 9,600 பவுண் 80 மாதங்களில் முடியும். அதே 120 பவுணில் மாதம் 30 பவுணை நிறுவனம் கட்டணமாக எடுத்தால், கடனுக்குப் போவது 90 பவுண்தான். கடன் முடிய 107 மாதங்கள், ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் ஆகும். ஸ்டெப்சேஞ்ச் என்ற அறநிறுவனமும், பேபிளான் என்ற அமைப்பும் இதே வேலையை உங்களிடம் ஒரு பென்ஸ்கூட வாங்காமல் செய்கின்றன. நேஷனல் டெட்லைனும் சிட்டிசன்ஸ் அட்வைஸும் இலவசமாக ஆலோசனை தருகின்றன. இந்த இலவச வழிகள் இருக்கும்போது, வட்டியில் தவிக்கும் ஒருவரிடம் மாதக் கட்டணம் வாங்குவதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

ஆலோசகரிடம் பேசப் போகும்போது கடந்த மூன்று மாதச் சம்பளத் தாள்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் கடிதங்களையும் அருகில் வைத்திருங்கள். செலவுக் கணக்கை உண்மையாகச் சொல்லுங்கள். பிள்ளையின் சப்பாத்து, குளிர்கால உடுப்பு, பாடசாலைச் செலவு ஆகியவற்றை விட்டுவிட்டு மிஞ்சும் தொகையைக் கூட்டிக் காட்டினால், மூன்றாம் மாதத்திலேயே தவணை தவறிவிடும். நான் பார்த்தவரை திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இதனால்தான். ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணத்தையும் மறைக்காதீர்கள். எவ்வளவு, எதற்காக என்று சொல்லுங்கள்; குறைக்க வேண்டியிருந்தால் அதையும் அங்கேயே பேசி முடிவெடுக்கலாம்.

கணக்குப் பார்த்த பிறகு மாதம் 75 பவுணோ அதற்குக் குறைவாகவோதான் மிஞ்சுகிறது, பெறுமதியான சொத்தும் இல்லை என்றால், ஆலோசகர் கடன் நிவாரண ஆணை பற்றிப் பேசக்கூடும். 50,000 பவுண் வரையான கடனுக்கு அது கிடைக்கும்; 2024 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணமும் இல்லை. பன்னிரண்டு மாதங்கள் கடந்ததும் அதில் அடங்கிய கடன்கள் நீங்கிவிடும். ஆனால் அது சட்டப்படியான திவால் வகை ஒன்று. டி.எம்.பி. அப்படி அல்ல. எனவே அதைத் தெரிவு செய்வதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

திட்டம் தொடங்குவதற்கு முன்பே, கடன் இல்லாத வேறொரு வங்கியில் அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றிவிட வேண்டும். ஓவர்டிராஃப்ட் உள்ள அதே வங்கியில் சம்பளம் விழுந்தால், அந்தப் பணத்தை அவர்கள் உங்கள் கடனுக்கு எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புக்குக் குழுமமும் வேறாக இருக்கட்டும். லொயிட்ஸும் ஹலிஃபக்ஸும் ஒரே குழுமம் என்பது புதிதாக வந்த பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது உங்களைத் தூங்கவிடாத அழைப்புகளுக்கு வருவோம். திட்டத்தில் சேர்ந்த முதல் சில வாரங்களில் அழைப்புகள் நிற்காது என்பதை முன்கூட்டியே மனத்தில் கொள்ளுங்கள். கடன் வசூலிக்கும் நிறுவனத்திலிருந்து வருபவர் பெய்லிஃப் அல்ல. அவருக்கு உங்கள் வீட்டுக்குள் நுழையவோ, ஒரு பொருளைத் தொடவோ எந்த உரிமையும் இல்லை. கதவைத் திறக்காமலே இருக்கலாம், போகச் சொன்னால் அவர் போக வேண்டும். பெய்லிஃப் என்றால் அதற்கு முன் நீதிமன்ற ஆணை இருந்திருக்க வேண்டும், குறைந்தது 7 முழு நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில்தான் வரலாம். கடனட்டைக்கோ கவுன்சில் வரிக்கோ முதல் தடவை வருபவர் உங்கள் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வர முடியாது. உங்களுக்கு வந்துள்ள கடிதத்தில் நீதிமன்றத்தின் பெயரே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அது வசூல் நிறுவனத்தின் கடிதம்தான்.

தொலைபேசியில் வாதாடுவதை நிறுத்துங்கள். முன்பின் தெரியாத அழைப்பாளருக்கு உங்கள் பிறந்த திகதியையும் முகவரியையும் உறுதிப்படுத்தவும் வேண்டாம். நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்: இலவசக் கடன் ஆலோசனை பெற்றுவருகிறேன், ஆலோசனை நிறுவனத்தின் பெயரும் இலக்கமும் இவை, இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள், வேலைத்தலத்துக்கு அழைக்க வேண்டாம். இவ்வளவு போதும்; கெஞ்சவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அதன் பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பின் திகதியையும் நேரத்தையும் சொன்னதையும் குறித்துவையுங்கள். கட்ட முடியாத நிலையில் உள்ளவருக்கு அவகாசம் தர வேண்டும், முறையற்ற நேரத்தில் தொடர்புகொள்ளக்கூடாது, அழுத்தம் தரக்கூடாது என்பது எஃப்.சி.ஏ. விதி, கடனாளியைத் துன்புறுத்துவது 1970ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டப்படி குற்றமும்கூட. எழுத்தில் முறைப்பாடு கொடுத்து 8 வாரங்களில் தீராவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். நீங்கள் குறித்துவைத்த தாள்தான் அங்கே சாட்சி.

உடனடி ஆறுதல் வேண்டுமானால் இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் நடைமுறையில் உள்ள பிரீதிங் ஸ்பேஸ் என்ற ஏற்பாட்டின்படி, தகுதி உண்டென்று கடன் ஆலோசகர் விண்ணப்பித்தால், 60 நாட்களுக்குப் பெரும்பாலான கடன்களில் வட்டியும் அபராதமும் நிற்கும், பணம் கேட்டு யாரும் தொடர்புகொள்ளவும் முடியாது. கவுன்சில் வரியின் பழைய பாக்கியும் இதில் அடங்கும். ஆனால் அந்த நாட்களுக்குரிய வாடகையையும் நடப்புக் கட்டணங்களையும் நீங்கள் தொடர்ந்து கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் இது கிடைக்கும் என்பதால், டி.எம்.பி.க்கான கணக்கைத் தயாரிக்கும் காலமாக அதைப் பயன்படுத்துவது நல்லது.

திட்டம் நடக்கும்போது ஒரு கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகக் கடிதம் வரலாம். பயப்படாதீர்கள், அதைத் திட்டத்தை நடத்துபவருக்கு உடனே அனுப்பினால் தவணையைப் புதியவருக்கு மாற்றிவிடுவார். கடனட்டைக் கடன் உங்களுடையதுதானா என்ற ஐயம் வந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி 1 பவுண் செலுத்தி ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்கலாம்.

வழக்கு சம்பந்தமான உறைகளை ஒருபோதும் திறக்காமல் வைக்கக்கூடாது. வழக்குக்கு முந்திய கோரிக்கைக் கடிதம் வந்தால் பதிலளிக்க 30 நாட்கள் உண்டு. அதைத் தாண்டி நோர்தாம்ப்டன் கவுண்டி நீதிமன்ற நிலையத்திலிருந்து கோரிக்கைப் படிவம் வந்தால், அது கிடைத்ததாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நீங்களே பதில் அனுப்ப வேண்டும்; டி.எம்.பி. நடத்துபவர் உங்களுக்காக அனுப்பமாட்டார். கடனை ஒப்புக்கொண்டு, அதே மாதத் தவணையையே அந்தப் படிவத்தில் முன்வைக்கலாம். பதில் அனுப்பாவிட்டால் சி.சி.ஜே. எனப்படும் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு உங்களைக் கேளாமலே பதிவாகும். ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டாவிட்டால் 6 வருடங்கள் பதிவில் நிற்கும்.

விசாவைப் பற்றி: கடனட்டைக் கடனோ டி.எம்.பி.யோ விசா நீட்டிப்பை மறுப்பதற்கான காரணம் அல்ல. அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் வைத்தியசாலைக் கட்டணம் 500 பவுணோ அதற்கு மேலோ கட்டப்படாமல் இருந்தால் மறுக்க இடமுண்டு. அப்படி ஏதும் இருந்தால் அதையே முதலில் பாருங்கள். ஆனால் தவணை தவறிய பதிவுகள் 6 வருடங்கள் உங்கள் கடன் வரலாற்றில் தெரியும். வாடகை வீடு தேடும்போது முகவர்கள் அதைப் பார்ப்பார்கள் என்பதால், இப்போதைய வீட்டைக் காப்பாற்றிக்கொள்வது இன்னும் முக்கியமாகிறது.

கடைசியாகச் சீட்டு. அடுத்த மாதம் சீட்டைக் கழிவுக்குக் கூறி எடுத்து ஒரு கடனட்டையை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கழிவாகப் போகும் தொகை வட்டியைப் போன்றதே. அதன் பிறகும் மாதாமாதம் சீட்டுக்காசு கட்ட வேண்டும், தவறினால் உங்களுக்காகப் பொறுப்பு நின்றவர் பாதிக்கப்படுவார். சீட்டையும் மச்சானிடம் வாங்கிய கைமாற்றையும் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனைவியையும் அந்தத் தொலைபேசி உரையாடலின்போது அருகில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி வரும் மாதங்களின் கணக்கை இருவருமாகத்தான் நடத்தப்போகிறீர்கள். கவுன்சிலிடமிருந்து என்ன பதில் கிடைத்தது என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். அவர்கள் மறுத்திருந்தால், அடுத்த கடிதத்தை நாம் சேர்ந்தே எழுதுவோம்.